திறமை இருந்தால் வரட்டுமே, யார் மறித்தது?

சென்ற கோடையில் லண்டனில் பழைய நண்பர் ஒருவரின் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டவர்கள் நாங்கள். அவர் இப்போது கணக்காளர். நான் அன்றுபோலவே இன்றும் பத்திரிகைக்காரன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் வீட்டில் வேறெதற்கும் இடமில்லை. தொலைக்காட்சியில் போர்மியுலா வண் காரோட்டப் பந்தயம் ஓடியாக வேண்டும். சாரதிகள் அணிவகுத்து நின்றபோது, "இவ்வளவு பேரில் ஒரு பெண்ணும் இல்லையே" என்று நான் பேச்சுவாக்கில் சொன்னேன். நண்பர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்:

"மச்சான், திறமை இருந்தால் வரட்டுமே. ஆர் மறிச்சது? கார் ஆம்பிளை பொம்பிளை பார்த்தே ஓடுது?"

மறுப்பதற்கு இடமில்லாத நியாயம்போலத் தோன்றும் வாசகம் இது. உலகெங்கும் இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வைக்கப்படும் வாதமும் இதுதான். ஓட்டப்போட்டியில் ஆணும் பெண்ணும் தனித்தனியே ஓடுகிறார்கள். மோட்டார்ப் பந்தயத்தில் அப்படியொரு வேலி சட்டத்தில் இல்லை. மணிக்கூடு பால் பார்ப்பதில்லை. ஆகவே பெண்கள் மேலே வரவில்லையென்றால் அவர்களிடம் திறமை இல்லை என்பதுதானே முடிவு? இந்த முடிவு பிழையானது என்பதே என் கட்சி. திறமை அளக்கப்பட்டுக் குறைவாகக் காணப்படவில்லை. அது பெரும்பாலும் அளக்கப்படவேயில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். போர்மியுலா வண் உலக சம்பியன்ஷிப் 1950இல் ஆரம்பமானது. இதுவரை அதன் பந்தயங்களில் ஓடிய ஆண்கள் 750க்கும் மேற்பட்டவர்கள். பெண்கள் இருவர். இருவரும் இத்தாலியர்கள். 1958இல் மூன்று பந்தயங்களில் ஓடிய மரியா தெரேசா டி பிலிப்பிஸ் ஒருவர். 1975, 1976ஆம் ஆண்டுகளில் பன்னிரண்டு பந்தயங்களில் ஓடிய லெல்லா லொம்பார்டி மற்றவர். லொம்பார்டி கடைசியாக ஓடியது 1976இல், ஒஸ்ரியாவில். அதற்குப் பின் வேறு சில பெண்கள் தகுதிகாண் சுற்றுவரை வந்தார்கள். பந்தயத்தில் ஓடியவர் எவருமில்லை.

இந்தப் பெரும் வெறுமைக்குக் காரணம் என்ன என்று பந்தய உலகின் பெரியவர்களைக் கேட்டால் அவர்கள் சொல்வது வேடிக்கையாக இருக்கும். போர்மியுலா வண்ணை நாற்பது ஆண்டுகள் தம் கைக்குள் வைத்திருந்த பேர்னி எக்கிள்ஸ்ரன், 2016இல் ஒரு மேடையில், அந்தக் காரை வேகமாக ஓட்டும் உடல்வலு பெண்ணுக்கு இராது என்றார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 2013இல், பிரித்தானியாவின் மாபெரும் சாரதியெனப் போற்றப்படும் ஸ்ரேர்லிங் மொஸ் பிபிசி வானொலியில் இதற்கு நேர்மாறாகச் சொன்னார்: உடல்வலு அவர்களிடம் உண்டு, சக்கரத்தோடு சக்கரம் உரசி ஓடும் மனவலுத்தான் இல்லை. ஒருவர் உடல் போதாது என்கிறார். மற்றவர் உடல் போதும், மனம் போதாது என்கிறார். காரணத்தில் இருவரும் உடன்படவில்லை. தீர்ப்பில் மட்டும் முழு உடன்பாடு. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுப் பிறகு சாட்சி தேடும் நீதிமன்றத்தில்தான் இப்படி நடக்கும்.

மொஸ் அவர்களின் கூற்றில் இன்னொரு துயரமும் உண்டு. சாட்சி அவருடைய வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய தங்கை பற் மொஸ் தம் காலத்தின் தலைசிறந்த ரலிச் சாரதிகளுள் ஒருவர். 1960இல் ஐரோப்பாவின் மிகக் கொடூரமான வீதிப் பந்தயமாகக் கருதப்பட்ட லியேஜ் – றோம் – லியேஜ் பந்தயத்தை, ஆன் விஸ்டம் என்ற பெண்ணைத் துணைச்சாரதியாகக் கொண்டு அவர் வென்றார். பெண்களுக்கென ஒதுக்கிய கிண்ணத்தையல்ல, முழுப் பந்தயத்தையும். இரவு பகலாக மலைப்பாதைகளில் நித்திரையின்றி ஓட வேண்டிய பந்தயம் அது. அங்கே தேவைப்பட்டது மனவலு இல்லையென்றால் வேறு என்ன?

திறமையைச் சரியாக அளக்க ஒரே வழிதான் உண்டு. ஒரே காரை இருவரிடம் கொடுத்து ஓடவிடுவது. மோட்டார்ப் பந்தயத்தில் கார் பாதி, சாரதி பாதி என்பார்கள். உண்மையில் கார் பாதிக்கும் மேல். எனவே ஒரே அணியில், ஒரே காரில் ஓடியவர்களை ஒப்பிடுவதே நியாயம். அப்படியொரு பரீட்சை வரலாற்றில் ஒழுங்காக நடந்திருக்கிறது.

1982ஆம் ஆண்டு உலக ரலி சம்பியன்ஷிப். ஜேர்மனியின் அவுடி நிறுவனம் குவாட்ரோ என்ற காரைக் களத்தில் இறக்கியிருந்தது. அதன் சாரதிகளுள் ஒருவர் பின்லாந்தின் ஹனு மிக்கோலா. இன்னொருவர் பிரான்சின் மிஷேல் மூற்றோன். மூற்றோன் அதற்கு முந்திய ஆண்டே இத்தாலியின் சன் ரேமோ ரலியை வென்று, உலக சம்பியன்ஷிப் ரலி ஒன்றை வென்ற முதற் பெண் என்ற பெயரை எடுத்துவிட்டார். 1982இல் போர்த்துக்கல், கிரேக்கத்தின் அக்ரோபொலிஸ், பிரேசில் என மூன்று ரலிகளை வென்றார். ஆண்டு முடிவில் முதலிடம் ஓப்பல் காரில் ஓடிய வால்ட்டர் றோர்லுக்கு. இரண்டாமிடம் மூற்றோனுக்கு. அவருடைய அணியைச் சேர்ந்த மிக்கோலா மூன்றாமிடம். அந்த மிக்கோலா அடுத்த ஆண்டு, 1983இல், உலக சம்பியன் ஆனார். அடுத்த ஆண்டின் உலக சம்பியனை முந்திய ஆண்டில் அதே காரில் ஒரு பெண் வென்றிருக்கிறார். ஐவரி கோஸ்ட் ரலி தொடங்கவிருந்த வேளையில் தந்தை இறந்த செய்தி வந்த பின்னும் காரில் ஏறி ஓடி, அப்பந்தயத்தில் முன்னணியிலும் இருந்தவர் அவர். மனவலு பற்றி அவருக்கு வகுப்பெடுக்க யாருக்குத் தகுதி உண்டு?

இன்னும் உண்டு. பாலைவனங்களைக் கடக்கும் டக்கார் ரலியின் கார்ப் பிரிவை 2001இல் ஜேர்மனியின் ஜுற்றா கிளைன்ஷ்மிட் வென்றார். நூர்பேர்க்றிங் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற அணியில் சபீனே ஷ்மிட்ஸ் 1996இலும் 1997இலும் இருந்தார். அமெரிக்காவில் ஷேர்லி மல்டௌனி 1977, 1980, 1982 என மூன்று முறை அதிவேக நேர்கோட்டுப் பந்தயத்தின் உச்சப் பிரிவில் தேசிய சம்பியன். ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ 2018இல் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஆண்களோடு ஓடி சுப்பர்ஸ்போர்ட் 300 உலக சம்பியனானார்.

"அதெல்லாம் சரி, அவை போர்மியுலா வண் இல்லையே" என்பார்கள். என் நண்பரும் அதைத்தான் சொன்னார். நல்லது, அங்கேயே வருவோம்.

லெல்லா லொம்பார்டி போர்மியுலா வண்ணில் புள்ளி பெற்ற ஒரே பெண். அந்தப் புள்ளியும் அரைப் புள்ளி. 1975 ஏப்ரலில் பார்சிலோனாவின் மொன்யூயிக் பூங்காவில் நடந்த ஸ்பானியப் பந்தயத்தில், ஒரு கார் தடுப்பைத் தாண்டிப் பறந்து பார்வையாளர்களைக் கொன்றது. பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆறாவதாக நின்ற லொம்பார்டிக்கு ஒரு புள்ளிக்குப் பதிலாக அரை. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள், அதே ஆண்டு ஓகஸ்ட்டில் நடந்ததைச் சொல்வதில்லை. உலகிலேயே மிக நீளமானதும் மிக ஆபத்தானதுமான பழைய நூர்பேர்க்றிங் பாதையில், ஒரு சுற்று 22 கிலோ மீற்றருக்கும் அதிகமான அந்தக் காட்டுப்பாதையில், அவர் ஏழாவதாக வந்தார். ஆறாவதுவரைதான் அன்று புள்ளி. ஓரிடம் தவறியது.

அந்த ஆண்டு முழுவதும் தம் காரின் பின்பகுதி சரியில்லை, வளைவுகளில் சொற்கேளாமல் போகிறது என்று லொம்பார்டி முறையிட்டுக்கொண்டே இருந்தாராம். பெண்தானே, காரைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு அதே கார் சுவீடனின் றொனி பீற்றர்சன் கைக்குப் போனது. அவர் அந்நாளின் அதிவேகச் சாரதிகளுள் ஒருவர். அவரும் அதே முறைப்பாட்டைச் சொன்னார். உடனே காரைக் கழற்றிப் பார்த்தார்கள். பின்பகுதியின் மக்னீசியச் சட்டத்தில் வெடிப்பு இருந்தது. மார்ச் அணியைச் சேர்ந்தவர்கள் பின்னாளில் தாங்களே சொன்ன கதை இது. திறமையை அளந்தார்களா என்று இப்போது கேளுங்கள். வெடித்த காரை ஓட்டியவரின் நேரத்தைக் குறித்துவிட்டு அதற்குத் திறமை என்று பெயர் வைத்தார்கள்.

இன்னொரு பரீட்சையும் உண்டு. 1992இல் இத்தாலியின் ஜொவானா அமாற்றி பிரபாம் அணியில் சேர்ந்தார். அந்த அணி கடனில் மூழ்கி, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த காலம். மூன்று பந்தயங்களில் தகுதிகாண் சுற்றைத் தாண்ட முடியவில்லை. வெளியே அனுப்பப்பட்டார். பெண்களுக்கு முடியாது என்பதற்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அமாற்றியின் தோல்விதான். அவருடைய இடத்துக்கு வந்தவர் யார்? பிரித்தானியாவின் டேமன் ஹில். அதே காரில் ஹில் எட்டு முறை முயன்று ஆறு முறை தகுதி பெறத் தவறினார். அமாற்றி மெதுவாகவே ஓடினார் என்பதை நான் மறைக்கவில்லை. அனுபவமும் அவருக்குப் போதவில்லை. ஆனால் இருவருக்கும் பின்னர் கிடைத்தவற்றைப் பாருங்கள். ஹில்லுக்கு அடுத்த ஆண்டே அந்நாளின் மிகச் சிறந்த காரான வில்லியம்ஸ் கிடைத்தது. 1996இல் அவர் உலக சம்பியன். அமாற்றிக்குப் போர்மியுலா வண்ணில் இன்னொரு கார் கிடைக்கவில்லை. மோசமான காரில் தோற்ற ஆணிடம் நாளைய சம்பியனைக் கண்டவர்கள், அதே காரில் தோற்ற பெண்ணிடம் பெண்குலத்தின் தோல்வியைக் கண்டார்கள்.

இனி உடல்வலு. இது வெறும் கற்பனையென்று நான் சொல்லமாட்டேன். வளைவுகளிலும் பிரேக் பிடிக்கும்போதும் புவியீர்ப்பின் நான்கைந்து மடங்கு விசை கழுத்தைப் பிய்க்கும். சராசரி ஆணின் தசை சராசரிப் பெண்ணின் தசையைவிட வலியது. ஆனால் சராசரி ஆண் போர்மியுலா வண் ஓட்டுவதில்லை. அங்கே ஓடுபவர்களே ஆண்டுக்கணக்கில் கழுத்துக்கென்று தனிப் பயிற்சி செய்து உடலை ஆக்கிக்கொண்டவர்கள். அவர்களில் பலர் சிறிய உடம்புக்காரர்.

அத்துடன், பலர் அறியாத ஒரு முரண் உண்டு. உச்சத்திலிருக்கும் போர்மியுலா வண் காரில் ஸ்டியரிங்கைத் திருப்ப பவர் ஸ்டியரிங் உதவுகிறது. அதற்கு ஒரு படி கீழேயுள்ள போர்மியுலா டூ காரில், கொலம்பியாவின் தத்தியானா கல்டெரோன் 2019இல் அங்கே ஓடியபோது, அந்த உதவி இருக்கவில்லை. மேல்மாடியில் மின்தூக்கியை வைத்துவிட்டு, அங்கே போவதற்கான படிகளை மட்டும் ஓராளின் உயரத்துக்குக் கட்டியதுபோல. பின்னர் 2024க்கான புதிய போர்மியுலா டூ காரை வடிவமைத்தபோது, ஸ்டியரிங்கின் கனம் உட்பட எல்லா வகைச் சாரதிகளின் தேவையையும் கருத்திற் கொண்டதாக அறிவித்தார்கள். அப்படியானால் அதுவரை கருத்திற் கொள்ளவில்லை என்பதுதானே பொருள்?

மனவலுவைப் பற்றி ஒரே ஓர் உதாரணம் போதும். 2018 நவம்பரில் மக்காவ் நகர வீதிப் பந்தயத்தில் ஜேர்மனியின் சோபியா புளோர்ஷ் ஓட்டிய கார் வானில் பறந்து தடுப்பைத் தாண்டி விழுந்தது. முதுகெலும்பு முறிந்தது. அப்போது அவருக்குப் பதினேழு வயது. மறு ஆண்டு அதே மக்காவுக்குத் திரும்பி வந்து அதே வீதியில் ஓடினார். 2023இல் போர்மியுலா திறீயில் புள்ளியும் பெற்றார்.

இந்த இடத்தில், இதை வாசிக்கும் தமிழர்களிடம் ஒரு கேள்வி. 2005இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணியில் போர்மியுலா வண்ணுக்குள் நுழைந்தபோது நாம் எப்படி மகிழ்ந்தோம்! கொழும்பில் எங்கள் ஆசிரியபீடத்தில் பந்தயம் பற்றி எதுவும் அறியாதவர்கள்கூட "நம்மடை பெடியன்" என்றார்கள். அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் இண்டியனபொலிஸ் பந்தயத்தில் அவர் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். டயர்ப் பிரச்சினையால் ஏனைய அணிகள் விலகிக்கொள்ள, ஆறே ஆறு கார்கள் ஓடிய பந்தயம் அது. நாம் அந்த ஐந்து புள்ளிகளைக் குறைத்துப் பேசினோமா? இல்லை. பேசவும் கூடாது. ஓட வந்தவர்களோடு ஓடிப் பெற்றார்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். 1950 முதல் 2004வரை, ஐம்பத்தைந்து பருவகாலங்கள், ஓர் இந்தியரும் அங்கே இல்லை. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்களிடம் அதுவரை திறமையே இருக்கவில்லையா? நரேன் பிறந்த நாளில்தான் அது முளைத்ததா? அப்படி யாரும் சொல்லவில்லை. பந்தயப் பாதை இல்லை, பணம் இல்லை, ஐரோப்பாவில் சிறுவயதிலேயே போய்த் தங்கி ஓட வசதி இல்லை என்று காரணங்களைச் சரியாகவே அடுக்கினோம். நரேனின் தந்தை தாமே ரலி ஓடியவர். அந்த வீட்டில் கார் இருந்தது, பந்தயம் என்ற பேச்சு இருந்தது. பின்னர் 2010இல் ஓட வந்த சென்னையின் கருண் சந்தோக்கும் பந்தயக் குடும்பத்துப் பிள்ளையே. இந்தியக் கொடியின் கீழ் போர்மியுலா வண் பந்தயத்தில் ஓடியவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. பெண்களும் இருவர்தான். இந்தியர்களின் இரண்டுக்கு வாய்ப்பின்மை காரணம், பெண்களின் இரண்டுக்கு மூளையும் உடம்பும் காரணம் என்று சொல்வது என்ன தர்க்கம்? நமக்கென்றால் ஒரு தராசு, பெண்களுக்கென்றால் வேறொரு தராசா?

திறமை தானாக மேலே வரும் என்பவர்கள் இந்த ஏணியின் விலையை அறியாதவர்கள். எட்டு வயதில் கார்ட் வண்டியில் ஏற வேண்டும். போர்மியுலா நான்கு, மூன்று, இரண்டு என்று ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் பணம் கட்டித்தான் ஆசனம். முழு ஏணிக்கும் பல மில்லியன் யூரோ. ஏழு முறை உலக சம்பியனான லூயிஸ் ஹமில்ரன் பணக்கார வீட்டுப் பிள்ளையல்லர். தந்தை பல வேலைகள் செய்து கார்ட் ஓடவைத்தார். ஆனால் 1998இல், ஹமில்ரனுக்குப் பதின்மூன்று வயதாயிருக்கையில், மக்லாறன் அணி அவரைத் தன் இளஞ்சாரதிகள் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஹமில்ரனின் திறமை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. ஆனாலும் பதின்மூன்று வயதில் ஒருவர் நம்பிக் காசு போட்டார். எத்தனை பெண் பிள்ளைகள் மீது பதின்மூன்று வயதில் யார் காசு போட்டிருக்கிறார்கள்?

பிரித்தானியாவின் ஜேமி சட்விக்கைப் பாருங்கள். 2019 பெப்ரவரியில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் இறுதிக் கட்டப் பந்தயங்களை வென்று எம்ஆர்எஃப் சலஞ்ச் பட்டத்தை எடுத்தவர் அவர். ஆண்களோடு ஓடி வென்ற பட்டம். பின்னர் பெண்களுக்கென ஆரம்பித்த டபிள்யூ சீரிஸ் போட்டியில் 2019, 2021, 2022 என நடந்த மூன்று பருவகாலங்களிலும் அவரே சம்பியன். அதன் பின் போர்மியுலா திறீயில் அவருக்கு நல்லதோர் ஆசனம் கிடைக்கவில்லை. அமெரிக்காவுக்குப் போனார். அங்கே இண்டி நெக்ஸ்ட் தொடரில் 2024இல் றோட் அமெரிக்கா பந்தயத்தை முதல் வரிசையில் முதலாவதாக நின்று வென்றார். டபிள்யூ சீரிஸோ காசில்லாமல் 2022 பருவகாலத்தைப் பாதியில் முடித்து, மறு ஆண்டு மூடப்பட்டது.

அந்த இடத்துக்கு 2023இல் எஃப் வண் அக்கடமி வந்திருக்கிறது. மார்த்தா கார்சியா, அபி புல்லிங், டொரியான் பான் என்று முதல் மூன்று சம்பியன்கள் உருவாகியிருக்கிறார்கள். அதை நடத்துபவர் சூசி வொல்ஃப். 2014இல் வில்லியம்ஸ் காரில் வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ஓடியவர். சில்வர்ஸ்ரனில் ஒருசில சுற்றுகளிலேயே எஞ்சின் பழுதானது. அடுத்து ஹொக்கன்ஹைமில் தம் அணியின் முதற்தரச் சாரதியான பெலிப்பே மஸாவைவிட ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு சொச்சமே பின்தங்கினார். பயிற்சி ஓட்டங்களுக்கு மேல், பந்தயத்தில் ஓட அவருக்கும் இடம் கிடைக்கவில்லை.

பெண்களுக்கெனத் தனிப் பந்தயம் வைப்பதை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். ஏணியின் முதற்படிக்குக் கைகொடுப்பதென்றால் நல்லது. ஆனால் அது போர்மியுலா நான்கின் தரத்திலுள்ள கார். அதற்கு மேலே இன்னும் மூன்று படிகள் உண்டு. அந்தப் படிகளுக்கு யார் காசு போடுவது என்பதற்கு விடை இல்லையென்றால், அது பஸ்ஸில் பெண்களுக்கென ஒதுக்கிய முன்னாசனம்போல ஆகிவிடும். உட்காரலாம். பஸ்ஸை ஓட்ட முடியாது.

எதிர்க்கட்சியினர் சொல்லும் ஒரு குற்றச்சாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். விளம்பரத்துக்காகச் சில பெண்கள் முன்னே நிறுத்தப்பட்டார்கள். ஸ்பெயினின் கார்மென் ஹோர்டா, ஜீபீ திறீயில் மூன்று பருவகாலம் ஓடி ஒரு புள்ளியும் பெறாத நிலையில் 2015இல் லோட்டஸ் அணியின் அபிவிருத்திச் சாரதியாக அறிவிக்கப்பட்டார். இதைக் காட்டி, பார்த்தீர்களா, திறமையில்லாதவர்களைக் கொண்டுவருகிறார்கள் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் காசு கொடுத்து ஆசனம் வாங்கிய ஆண்கள் அந்த விளையாட்டில் தொடக்க நாளிலிருந்தே உண்டு. அவர்களைக் காட்டி ஆண்களுக்குத் திறமை இல்லை என்று எவரும் சொன்னதில்லை. அந்த அறிவிப்பால் உண்மையில் நட்டப்பட்டவர்கள் திறமையுள்ள பெண்கள். சுவிட்சர்லாந்தின் சிமோனா டி சில்வெஸ்ற்றோ, 2013இல் அமெரிக்க இண்டிகார்ப் பந்தயமொன்றில் இரண்டாவதாக வந்தவர், 2014இல் சவுபர் அணியில் சேர்ந்து காரைப் பரீட்சித்தும் பார்த்தார். பணச்சிக்கலால் அந்த ஆண்டே கதை முடிந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு, மறித்தவர்களின் பட்டியலில் என் பெயரையும் சேர்க்காவிட்டால் நான் நேர்மையானவன் அல்லன்.

2008 ஏப்ரல் 20ஆம் திகதி. யப்பானின் மொட்டேகி பந்தயத் திடலில் அமெரிக்காவின் டனிக்கா பற்றிக் இண்டிகார்ப் பந்தயத்தை வென்றார். அந்தத் தொடரில் ஒரு பெண் வென்ற முதற் பந்தயம். செய்தி முகவரகத்திலிருந்து அன்றே செய்தி வந்தது. நான் அப்போது ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்தேன். யுத்தச் செய்திகளால் முன்பக்கங்கள் நிறைந்திருந்த காலம். விளையாட்டுப் பக்கம் கிறிக்கெட்டுக்கே போதாது. அந்தச் செய்தியை நான் என்ன செய்தேன் தெரியுமா? வார இறுதியின் மகளிர் பக்கத்துக்கு அனுப்பினேன். சமையற் குறிப்புக்கும் முகப்பூச்சு ஆலோசனைக்கும் நடுவில் அது வந்தது. காரோடு அவர் நிற்கும் படத்தை விட்டுவிட்டு, ஏதோவொரு சஞ்சிகைக்காக அவர் எடுத்துக்கொண்ட படத்தைத் தேடிப் போட்டேன். தலைப்பில் "அழகி" என்ற சொல்லும் இருந்தது. எரிபொருளைச் சேமித்துக் கடைசிச் சுற்றுகளில் முந்திய அவருடைய தந்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஓர் ஆண் அப்படி வென்றிருந்தால் அதற்கு மதிநுட்பம் என்று பெயர் வைத்திருப்பேன். அன்று ஒருவரும் என்னைத் தட்டிக் கேட்கவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

லண்டனுக்குத் திரும்புவோம். அந்த ஞாயிறு விவாதம் முடிவின்றி முடிந்தது. மறுநாள் காலை தேநீருக்குப் பால் எடுக்கப் போனபோது, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிள்ளைகளை மாமன் கார்ட் ஓடக் கூட்டிப்போயிருந்த நாளில் அங்கே அச்சடித்துக் கொடுத்த நேரப் பட்டியல். பதினொரு பிள்ளைகள். முதலாவது பெயர் நண்பரின் பன்னிரண்டு வயது மகள். அவருடைய பதினான்கு வயது மகன் நான்காவது. மகன் அதே திடலில் வாரந்தோறும் பயிற்சிக்குப் போகிறான் என்பதை முதல்நாள் நண்பர் பெருமையோடு சொல்லியிருந்தார்.

"மகளை ஏன் விடவில்லை?" என்று கேட்டேன்.

"அவளுக்கு அது சும்மா ஒரு விளையாட்டு மச்சான்" என்றார்.

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி மெல்லச் சொன்னார்: "அண்ணை, அவள் கேட்டவள். இவர்தான் அடுத்த வருசம் பாப்பம் எண்டு சொன்னவர்."

நண்பர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். முதல்நாள் அவர் கேட்ட கேள்விக்கான விடை அவருடைய வீட்டுக் கதவிலேயே ஒட்டியிருந்தது என்று நான் சொல்லவில்லை. விருந்தாளிக்கு அது அழகல்ல. ஆனால் இங்கே எழுதுகிறேன். அவர் இதை வாசிப்பார்.

பத்திரிகையில் பிழை விட்டால் திருத்தம் போடுவது தொழில் மரபு. பதினேழு ஆண்டுகளுக்கு மேல் பிந்திவிட்டது. எனினும்:

திருத்தம்: 2008 ஏப்ரல் 20ஆம் திகதி யப்பானின் மொட்டேகியில் நடைபெற்ற இண்டிகார்ப் பந்தயத்தில் டனிக்கா பற்றிக் முதலாமிடம் பெற்றார். இச்செய்தி விளையாட்டுப் பக்கத்தில் பிரசுரமாகியிருக்க வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.